ஐந்து ஆழாக்கு அரிசியிலிருந்து தொடங்கலாம்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கடலூர் முதுநகரில் வீடு. உங்களுக்கு 34 வயது, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறார். அம்மாவுக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் உங்களுக்குக் கெட்ட கொழுப்பு கூடியிருப்பதாக வந்திருக்கிறது. உடனே வீடியோக்களைப் பார்த்து ஐந்து வகைச் சிறுதானியம், செக்கு எண்ணெய், சியா விதை, இந்துப்பு, நாட்டுச் சர்க்கரை என்று வாங்கியதில் மளிகைச் செலவு மாதம் நாலாயிரம் கூடிவிட்டது. சாமைச் சோற்றை அம்மா தொடவில்லை, குழந்தை துப்பிவிட்டது. "அரிசியை அடியோடு விட்டால்தான் ஆகுமா, ரேஷன் அரிசி கெடுதலா, இவ்வளவு செலவு இல்லாமல் ஆரோக்கியமாகச் சாப்பிட முடியாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருக்கிற காசிலும் நேரத்திலும், வீட்டில் எல்லாரும் முகம் சுளிக்காமல் சாப்பிடக்கூடிய சமையலாக இதை எப்படி மாற்றுவது என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் 23 வருஷம் உணவு ஆலோசகராக இருந்தேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நான் மருத்துவர் இல்லை. மாத்திரை, ஊசி அளவைப் பற்றிப் பேச மாட்டேன். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவர் சம்பந்தப்பட்ட இடங்களில் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்வேன்.

அந்தக் குறிப்பேடுகளில் பாகூர் விவசாயி இருந்தார், வீராம்பட்டினத்து மீனவர் இருந்தார், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவரும் இருந்தார். ஆனால் பக்கத்தைப் புரட்டினால் ஒரே ஆள் சாப்பிட்டது போல இருக்கும். காலையில் நாலு இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, சாம்பாரோ மீன் குழம்போ, ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல், ராத்திரி தோசை அல்லது மிச்சச் சோறு. மூன்று வேளையும் அரிசி. நம் பேச்சிலேயே பாருங்கள், காயைப் பற்றிக் கேட்கும்போது "தொட்டுக்க என்ன?" என்றுதான் கேட்கிறோம். தொட்டுக்கொள்கிற அளவுக்குத்தான் காயும் இருக்கிறது, பருப்பும் இருக்கிறது. வயலில் இறங்கி நாள் முழுக்க உழைத்த காலத்தில் உடம்பு அவ்வளவு சோற்றையும் எரித்தது. இன்று நாற்காலியில் உட்கார்ந்தும் பைக்கில் போயும் அதே அளவு சாப்பிட்டால் எரிக்க வேலை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023இல் வெளியான இண்டியாப் ஆய்வில், நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4, புதுச்சேரியில் 26.3. கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் புதுச்சேரியில்தான். இதற்குச் சோறு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். வயது, உடல் எடை, பரம்பரை, உழைப்புக் குறைவு எல்லாம் சேர்ந்தது. ஆனால் இவற்றில் நாளைக் காலையே உங்கள் கையால் மாற்றக்கூடியது தட்டு ஒன்றுதான்.

எந்த அளவுக்கு மாற்றுவது? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. ஒரு நாளைய ஆற்றலில் தானியத்திலிருந்து வருவது 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தட்டில் ஏறக்குறைய பாதி காய், கீரை, கிழங்கு, பழமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு 45 சதவீதம் என்றால் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து நாளைக்குச் சுமார் 250 கிராம். அரிசி விஷம் என்று அதில் எங்கேயும் இல்லை. அளவுதான் பேச்சு.

நீங்கள் காலையில் ஐந்து ஆழாக்கு அரிசி வடித்தால் மதியத்துக்கும் ராத்திரிக்கும் சரியாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பதிலுக்காக என் வீட்டு ஆழாக்கில் பொன்னி அரிசியைத் தலை தட்டி அளந்து தராசில் வைத்தேன்: 140 கிராம் சொச்சம். ஐந்து என்றால் 700 கிராம். குழந்தைக்கு 100 கிராம் போனால் மீதியை மூன்று பெரியவர்கள் பங்கிட ஆளுக்கு 200 கிராம். அதற்கு மேல் காலை இட்லியிலும் தோசையிலும் இருக்கிற அரிசி ஆளுக்கு 80, 100 கிராம் வரும். ஆக 300 கிராமைத் தொடுகிறது. உங்கள் அம்மாவின் வயதுக்கும் நடமாட்டத்துக்கும் இது மிக அதிகம். ஐந்தை நாலாக்குங்கள். இரண்டு வாரம் அப்படியே போகட்டும். பிறகு மூன்றரை. வயிறு காலியாக இருக்கிறது என்று யாரும் சொல்லாதபடி, குறைத்த சோற்றின் இடத்தில் பொரியலையும் பருப்பையும் இருமடங்காக வையுங்கள். சோறு பரிமாறிவிட்டுக் காயைத் தேடாமல், முதலில் காயைத் தட்டில் பாதிக்கு வைத்துவிட்டு, மீதி இடத்தில் சோறு. என் அனுபவத்தில் வேறு எந்தப் புத்திமதியையும் விட இந்த வரிசை மாற்றம்தான் வீடுகளில் நிலைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் வேலையின் ஆரம்ப வருஷங்களில், பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் ராத்திரிச் சோற்றை நிறுத்தச் சொல்லி அனுப்பினேன். அவர் என்ன மாத்திரை, எந்த நேரத்தில் போடுகிறார் என்று கேட்கவில்லை. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, நான் சொன்னபடி ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கிறார். விடிகாலை வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, வீட்டார் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது. பிழைத்தார். தவறு என்னுடையது. அன்றிலிருந்து மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் ஒருவருக்கும் சோற்றைக் குறைக்கச் சொன்னதில்லை. உங்கள் அம்மா இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்கிறார் என்றால், "சாப்பாட்டைக் குறைக்கப் போகிறோம்" என்று அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்து, எந்த அரிசி? ரேஷனில் புழுங்கல் அரிசி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியை விடப் புழுங்கலில் தயமின் என்ற பி1 வைட்டமின் கூடுதலாக மிஞ்சுகிறது. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பச்சரிசி சாப்பிட்ட பகுதிகளில் வாட்டியதற்கும் புழுங்கல் சாப்பிட்ட பகுதிகளில் குறைந்திருந்ததற்கும் இதுதான் காரணம். மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பு அரிசியில் நார் கூடுதல், நல்லதுதான். ஆனால் அதை வாங்க முடியாதவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

ரேஷன் அரிசியில் "பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள், தண்ணீரில் மிதக்கிறது" என்று அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி உருவில் வார்த்து, நூறு பங்குக்கு ஒரு பங்கு கலந்தது. நிறமும் எடையும் கொஞ்சம் வேறாக இருப்பதால் கண்ணுக்குத் தனியாகத் தெரிகிறது. பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். வீட்டில் யாருக்காவது தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுதானியம் பற்றி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சொற்பம்கூட இல்லை. கம்பில் இரும்பு உண்டு. நார் எல்லாவற்றிலும் கூடுதல். இதெல்லாம் உறுதியானது. ஆனால் சாமையும் தினையும் வரகும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். "சிறுதானியம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டு, சர்க்கரை ஏறி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தீட்டிப் பளபளவென்று பொட்டலத்தில் வரும் சாமைக்கும் வெள்ளை அரிசிக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. ஐந்து வகை தேவையில்லை. நம் பக்கத்தில் எல்லாருக்கும் நாக்குக்குப் பழகியது கேழ்வரகு. அது ஒன்று போதும். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தால் உங்கள் அம்மா வேண்டாம் என்றா சொல்கிறார்? கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, நொய்யோடு காய்ச்சி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு வாரம் இரண்டு காலையில் கொடுங்கள். புளிக்கும்போது, தாதுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் குறைகிறது. குழந்தைக்குக் கூழ் பிடிக்காவிட்டால் அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு ராத்திரி ஊறினால் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். இரும்பு ஒரு தாது. புளிப்பதால் அது புதிதாகப் பிறக்காது. இருக்கிறதை உடம்பு கொஞ்சம் எளிதாக எடுத்துக்கொள்ள வழி உண்டு, அவ்வளவுதான். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறுவது நிஜம். குடலுக்கு நல்லது என்று நானும் நம்புகிறேன், ஆனால் இது இன்னும் ஆராயப்பட்டு வரும் விஷயம். வெயில் நாளில் ஒரு கிண்ணம், சின்ன வெங்காயத்தோடு, தாராளமாகச் சாப்பிடலாம். அதுவும் சோற்றுக் கணக்கில்தான் சேரும். ஊறுகாயும் கருவாடும் சேர்ந்தால் உப்புக் கணக்கு வேறு.

இப்போது நான் ரொம்ப நேரம் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன்: பருப்பு. நாலு பேர் வீட்டில் சாம்பாருக்கு எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒரு கைப்பிடி, அதிகம் போனால் 100 கிராம். அதில் புரதம் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை. 2020இல் ஐசிஎம்ஆர் சொன்ன அளவுப்படி உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். சோற்றிலிருந்தும் கொஞ்சம் வருகிறது என்றாலும், தண்ணீராக ஓடுகிற சாம்பாரை நம்பி அந்த 50ஐ எட்ட முடியாது. சாம்பாரைக் கெட்டியாக்குங்கள். தமிழ்நாட்டு ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு கிலோவை விடாமல் வாங்குங்கள். வாரம் மூன்று நாள் காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு என்று ஒரு சுண்டலோ குழம்போ. ராத்திரி ஊறப்போட்டால் காலையில் குக்கரில் நாலு விசில். முளைகட்டினால் நல்லது, கட்டாவிட்டால் குற்றமில்லை.

அதோடு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. விருத்தாசலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையமே அதற்கு ரகம் கண்டுபிடித்து வெளியிடுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, நீங்கள் சியா விதைக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். மல்லாட்டையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். ஒரு சின்னக் கைப்பிடி, 30 கிராம், அவித்தோ வறுத்தோ மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் குழந்தையின் கையில் கொடுங்கள். பூஞ்சை பிடித்தது, சுருங்கிக் கறுத்தது, கடித்தால் கசப்பது எதுவானாலும் எறிந்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுக்கப் போகாது. பண்ருட்டி முந்திரியும் நல்ல பொருள்தான், ஆனால் விலைக்கு மல்லாட்டை அதைத் தோற்கடித்துவிடும்.

நீங்கள் முதுநகரில் இருக்கிறீர்கள், துறைமுகம் நடக்கிற தூரம். இந்த வசதியை வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஏங்குவார்கள். வஞ்சிரமும் கொடுவாவும் வாங்க வேண்டாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, காரப்பொடி மாதிரிச் சின்ன மீன் வாங்குங்கள். இதயத்துக்கு உதவுகிற ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் செழிப்பாக இருக்கிறது. பெரிய மீன்களில் சேரும் அளவுக்குப் பாதரசமும் சேர்வதில்லை. நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிட்டால் கால்சியம். வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்காமல் எழும்ப வேண்டும். கண் துருத்திக்கொண்டு பளிச்சென்று இருக்க வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உண்டாகும். கொதிக்கவைத்தாலும் அது போகாது, உடம்பெல்லாம் தடிப்பும் தலைவலியும் வரும். அதனால் காலையிலேயே போய்விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆனால் கரையோரம் போகும் சின்னப் படகுகளில் இந்தச் சின்ன மீன்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

சமைப்பது இப்படி: அரைக் கிலோ மத்தியைக் கல் உப்புப் போட்டு உரசிக் கழுவுங்கள். மண்சட்டியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், வெந்தயம், பதினைந்து சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, கறிவேப்பிலை, இரண்டு தக்காளி. வதங்கியதும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், புளிக்கரைசல். பச்சை வாசனை போகக் கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும்போது மீனை ஒவ்வொன்றாக இறக்கி, கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி, ஏழெட்டு நிமிஷம். தேங்காய் வேண்டியதில்லை. நாலு பேருக்கு ஒரு கரண்டி எண்ணெயில் குழம்பு முடிந்தது. அதே மீனைப் பொரித்தால் எவ்வளவு எண்ணெய் போகும் என்று உங்களுக்கே தெரியும். வாரம் இரண்டு நாள் இது போதும். மற்ற நாளில் முட்டை. குழந்தைக்கு நாளைக்கு ஒன்று பயமில்லாமல் கொடுக்கலாம். உங்களுக்குக் கெட்ட கொழுப்பு கூடியிருப்பதால் எத்தனை என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயில் ஏமாறாமல் இருங்கள். செக்கில் ஆட்டினாலும் ரீஃபைண்ட் செய்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெயில் மணமும் வைட்டமின் இ போன்ற சில சத்துகளும் கூடுதலாக மிஞ்சும். நம்பிக்கையான இடத்தில் ஆட்டியது என்றால் வாங்கலாம். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது அளவை. 2024 வழிகாட்டி நாளைக்கு 27 கிராம் என்கிறது; ஓர் ஆளுக்கு மாதம் ஒரு லிட்டருக்குள். உங்கள் வீட்டில் பலகாரம், அப்பளம், வறுவல் எல்லாம் சேர்த்து மாதம் மூன்று லிட்டருக்குள் முடிந்தால் நல்லது. மாத முதல் தேதி மூன்று லிட்டரை எடுத்துத் தனியாக வைத்து, அதற்குள் முடிக்கப் பாருங்கள். உங்களுக்குக் கெட்ட கொழுப்பு கூடியிருப்பதால் ரேஷன் பாமாயிலைத் தினசரித் தாளிப்புக்கு வேண்டாம் என்பேன். அதில் நிறைவுற்ற கொழுப்பு கடலை எண்ணெயைப் போல ஏறக்குறைய இருமடங்கு. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

இந்துப்பை இனி வாங்காதீர்கள். நாளைக்கு ஆளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. எந்த நிறமாக இருந்தாலும் உப்பு உப்புதான், ஆனால் இந்துப்பிலும் மரக்காணம் உப்பளத்திலிருந்து சைக்கிளில் வரும் சாதாக் கல் உப்பிலும் அயோடின் போதாது. ஐந்து வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் அயோடின் கலந்த உப்புதான் வேண்டும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் மூன்றும் உங்கள் அம்மாவின் ரத்தத்தில் வெள்ளைச் சர்க்கரை செய்கிற வேலையையேதான் செய்யும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. குழந்தைக்குக் கலக்கிக் கொடுக்கும் டப்பா மாவும் பெரும்பாலும் மால்ட்டும் சர்க்கரையும்தான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இப்படிப்பட்டவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பாலை வெறும் பாலாகக் கொடுங்கள். பழத்துக்கு அந்தந்தக் காலத்துக் கொய்யா, பப்பாளி, வாழை. பண்ருட்டிப் பலா வரும்போது அம்மா மூன்று சுளையோடு நிறுத்திக்கொள்ளட்டும், ஆனால் சாப்பாட்டோடு சேர்க்காமல் மாலையில். பலாக்கொட்டையை எறியாமல் சாம்பாரில் போடுங்கள். அதிலும் மாவுச்சத்து உண்டு, அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறைய வேண்டும்.

கீரை எல்லாருக்கும் தெரியும், ஆனால் "ஆய நேரமில்லை" என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. முருங்கைக்கீரைக்கு ஒரு வழி சொல்கிறேன். ராத்திரி படுக்கும் முன் கொத்தை உதறி, ஒரு பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உலுக்கினால் இலை பாதிக்கு மேல் தானாக உதிர்ந்திருக்கும். ஒரு பிடி பயத்தம்பருப்போடு மூடி வேகவைத்து, வறுத்த மல்லாட்டையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. குழந்தையும் சாப்பிடும். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி எதுவானாலும் முதலில் கழுவிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினாலும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டினாலும் வைட்டமின் போய்விடும். கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெட்டுவிடும், ஒரு மணி நேரம் பொறுங்கள். உங்கள் மனைவிக்கு ஹீமோகுளோபின் பார்த்து எவ்வளவு நாளாகிறது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. உங்கள் கேள்வியில் உங்கள் கொழுப்பும் அம்மாவின் சர்க்கரையும் இருந்தன, அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குறைந்திருந்தால் கீரையால் மட்டும் ஏறாது, மாத்திரை வேண்டியிருக்கும்.

நேரத்தைப் பற்றிக் கடைசியாக. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் ஒருவர் தலையில் விழுந்தால் மூன்று வாரம் தாங்காது. நான் பார்த்த வீடுகளில் ஆண் கையும் அடுப்படியில் பட்ட இடங்களில்தான் மாற்றம் நிலைத்தது. ஷிப்ட் இல்லாத காலையில் மீன் வாங்குவதும் கழுவுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். பயறு ஊறப்போடுவதும் கீரையைச் சுற்றி வைப்பதும் ராத்திரி ஐந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெங்காயமும் பூண்டும் உரித்து டப்பாவில் போட்டுவிட்டால் வாரம் முழுக்கப் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. ராத்திரி தோசைக்குப் பதில் வாரம் இரண்டு நாள் பச்சைப்பயறு மூன்று பங்கு, அரிசி ஒரு பங்கு ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்து அப்படியே அடையாக ஊற்றுங்கள். புளிக்கவைக்க வேண்டியதில்லை.

வாங்கி வைத்திருக்கும் சாமையையும் தினையையும் எறிய வேண்டாம், அரிசியோடு கால் பங்கு கலந்து வடித்துத் தீர்த்துவிடுங்கள். உங்கள் கொழுப்பை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சாப்பாட்டால் எவ்வளவு இறங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், பரம்பரையாக வருகிற கொழுப்பு சமையலுக்கு அவ்வளவாகப் பணியாது, அப்போது மருத்துவர் மாத்திரை சொன்னால் மறுக்காதீர்கள். அம்மாவின் கடைசி ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் என்று ஒரு வரி இருக்கும். ஒன்பது வருஷச் சர்க்கரையில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். கிரியேட்டினின் கூடியிருந்தால் பருப்பு, கீரை, பழம் பற்றி நான் மேலே எழுதியதில் பாதி அவருக்கு ஆகாது; அவருக்கென்று தனியாக அளவு போட வேண்டும், அதை நேரில் பார்க்கிறவர்தான் செய்ய முடியும். அந்த வரியையும் மாத்திரைச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை அம்மாவின் தட்டை அப்படியே விட்டுவிட்டு, நாளைக்கு உங்கள் தட்டிலிருந்து மட்டும் ஆரம்பியுங்கள்.